பந்தியில் உட்காரவும் படித்துறையில் நிற்கவும்: ஆட்டிசத்துக்கான நடத்தைச் சிகிச்சை டெல்டாவுக்கு வரும்போது

ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்கு முதலில் என்ன சொல்லித்தர வேண்டும்? தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு தெரபி சென்டரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் ஃபைலில் இலக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: பேர் சொல்லிக் கூப்பிட்டால் முகத்தைப் பார்க்க வேண்டும். நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். படத்தைக் காட்டினால் ஆப்பிள், பஸ், நாய் என்று சொல்ல வேண்டும். ஸ்பூனில் சாப்பிட வேண்டும். இவற்றில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் இருந்து நாலு எட்டு வைத்தால் வாய்க்கால்.

வழக்கமான வருடத்தில் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும். சில நாளில் கல்லணையும் திறந்து, முறை வைத்து விட்டால், ஜனவரி கடைசி வரைக்கும் டெல்டாவின் ஏதாவது ஒரு வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு உண்டு. யாருக்கும் தெரியாமல் வீட்டை விட்டு நழுவுவதும் அவர்களிடம் அதிகம். 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், 4 வயதுக்கு மேற்பட்ட ஆட்டிசப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு தடவையாவது அப்படி வெளியேற முயன்றிருக்கிறார்கள். 2017-ல் வந்த இன்னொரு ஆய்வு, 14 வயது வரை உள்ள ஆட்டிசப் பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிட 160 மடங்கு என்று கணக்கிட்டது. அமெரிக்காவிலேயே இந்த நிலை என்றால், வீட்டுக்கு வீடு குளமும் வாய்க்காலும் உள்ள நீடாமங்கலத்திலும் வலங்கைமானிலும் நிலைமை என்ன என்று யோசியுங்கள்.

அப்படியானால் இங்கே ஒரு பிள்ளைக்கு எழுத வேண்டிய முதல் இலக்கு “நில்லு” என்றால் நிற்பது. அடுத்தது, பெரியவர் கையைப் பிடிக்காமல் படித்துறையில் இறங்காமல் இருப்பது. மூன்றாவது நீச்சல். இதை அறைக்குள் மேஜை போட்டுச் சொல்லித்தர முடியாது. முதலில் வீட்டு நிலைப்படியில் நிற்கப் பழக்கி, அப்புறம் தெருமுனை, அப்புறம் கரை, கடைசியில் தண்ணீர் ஓடும் படித்துறை என்று ஒவ்வொரு இடமாகப் பழக்க வேண்டும். ஒவ்வொரு தடவை நின்றதும் பிள்ளைக்குப் பிடித்தது உடனே கிடைக்க வேண்டும். தண்ணீர்தான் பிடிக்கும் என்றால், நின்ற கையோடு பெரியவர் கையைப் பிடித்து இறங்கிக் காலை நனைப்பதே பரிசு. கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போதே தொடங்கிவிட்டால், தண்ணீர் வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த இலக்கு ஃபைலில் இல்லாமல் போவதற்குக் காரணம் தெரபிஸ்டின் அக்கறைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அவர் கையில் உள்ள பட்டியல் வேறொரு ஊரில், வேறொரு வாழ்க்கையைப் பார்த்து எழுதப்பட்டது.

நடத்தைச் சிகிச்சை என்று இங்கே நான் சொல்வது, சென்டர்களில் ஏபிஏ (அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்) என்று சொல்லும் முறையையும் அதிலிருந்து கிளைத்தவற்றையும்தான். அடிப்படை எளிது. ஒரு நடத்தைக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று கவனிப்பது. பெரிய காரியத்தைச் சிறு படிகளாகப் பிரித்துச் சொல்லித்தருவது. செய்ததும் பாராட்டோ பிடித்த பொருளோ கொடுப்பது. இதற்கான தனி ஆய்விதழ் அமெரிக்காவில் 1968-ல் தொடங்கியது. இந்த முறையை உலகறியச் செய்தவர் லாஸ் ஏஞ்சலிஸில் பணியாற்றிய உளவியலாளர் ஐவர் லோவாஸ். 1987-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் 19 பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம் அளவுக்குப் பயிற்சி தரப்பட்டது. 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் நிலைக்கு வந்ததாக அவர் எழுதினார். இன்றும் சென்டர்களில் “எத்தனை மணி நேரம் கொடுத்தால் சரியாகும்” என்ற பேச்சு அடிபடுவதன் வேர் இங்கே இருக்கிறது. அந்த ஆய்வில் பிள்ளைகளை அதட்டியதும் தொடையில் அடித்ததும் உண்டு என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கவில்லை என்ற குறையும் அதன் மேல் உண்டு.

அடிக்கும் வழக்கத்தை இந்தத் துறை பெருமளவு கைவிட்டுவிட்டது. யாருடைய வாழ்க்கையை அளவாக வைப்பது என்ற கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. 1990 முதல் 2017 வரை வெளியான ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டிச சிகிச்சை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பங்கேற்ற பிள்ளைகள் எந்த இனத்தவர் என்றே முக்கால்வாசி ஆய்வுகள் குறிப்பிடவில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாத அறிவைத்தான் நாம் அப்படியே இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

பண்பாட்டுக்கு ஏற்ப நடந்துகொள்வது ஏதோ மரியாதைக்காகச் செய்வது, சிகிச்சை வேறு, அது வேறு என்று பலர் நினைக்கிறார்கள். ஏபிஏவின் சொந்தக் கணக்குப்படி பார்த்தாலே அது பிழை. நடத்தையைத் தீர்மானிப்பது சூழல் என்பதுதான் இந்த அறிவியலின் முதல் வரி. டெல்டாவில் அந்தச் சூழல் என்பது கூட்டுக்குடும்பமும், திறந்தே கிடக்கும் வாசலும், அடுத்த வீட்டுக்காரர்களும்தான். இவர்களைக் கணக்கில் எடுக்காத திட்டம் பலன் தராமல் போவதோடு நிற்பதில்லை, நிலைமையை மோசமாக்கியும் விடும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நாலு வயதுப் பையன் செல்போன் கேட்டு அழுகிறான், தலையைச் சுவரில் இடித்துக்கொள்ளவும் செய்கிறான். சென்டரில் அம்மாவுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்: “அழுதா போன் கொடுக்காதீங்க, கண்டுக்காம இருங்க, தானா கொறையும்.” காகிதத்தில் இது சரியான முறை. ஆனால் நிறுத்தியவுடன் அழுகை குறைந்துவிடாது; முதலில் கூடவும் செய்யலாம். இது துறையில் எல்லோருக்கும் தெரிந்ததே. அமெரிக்க வீட்டில் கதவைச் சாத்திவிட்டு அம்மா இதைத் தாங்கிக்கொள்ளலாம். இங்கே பத்தாவது நிமிடம் அப்பாயி வந்துவிடுவார். “புள்ள இப்படிக் கதறுறான், நீ பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருக்கியே” என்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, போனையும் கையில் கொடுத்து, ஒரு முறுக்கையும் கொடுப்பார். எதிர்வீட்டு அக்கா “ஏன்டி புள்ளய அடிக்கிற” என்று வாசலில் நிற்பார். மாமியாரை எதிர்த்து ஒரு சொல் சொல்ல முடியாத மருமகள் அன்றைக்கு என்ன செய்வார்?

இதில் பையன் கற்றுக்கொண்டது: கொஞ்சம் அழுதால் கிடைக்காது, நிறைய நேரம், நிறையச் சத்தமாக அழுதால் கிடைக்கும். எப்போதாவது மட்டும் கிடைக்கும் பலன் ஒரு நடத்தையை அழிய விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது நடத்தை ஆய்வின் பழைய, உறுதியான முடிவு. ஆக, அப்பாயியைக் கணக்கில் வைக்காத திட்டம் அந்த அழுகைக்கு உரம் போட்டுவிட்டது. அடுத்த மாதம் ஃபைலில் “குடும்ப ஒத்துழைப்பு இல்லை” என்று எழுதுவார்கள். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும். ஒத்துழைப்புக் கேட்டு அப்பாயியிடம் யாரும் பேசவே இல்லையே!

அவரிடம் பேசினால் திட்டமே வேறாக இருக்கும். கண்டுக்காமல் விடுவதற்குப் பதிலாக, அழுகை வருவதற்கு முன்னாலேயே கேட்கச் சொல்லித்தரலாம். பையன் போன் படத்தைத் தொட்டாலோ “வேணும்” என்றாலோ அப்பாயியே உடனே கொடுக்கலாம். கொடுக்கும் உரிமை அவர் கையிலேயே இருக்கிறது. கொடுக்கும் நேரம் மட்டும் மாறுகிறது. பேரனைத் தூக்க ஓடி வரும் அந்தப் பாசத்தை எதிரியாக நிறுத்துவதைவிடக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வது எவ்வளவு நல்லது!

மொழியும் இப்படித்தான். பயிற்சி ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழ் தெரபிஸ்ட்டும் தமிழ்ப் பிள்ளையும் இருக்கும் அறையில் “சிட் டவுன்”, “கிவ் மீ”, “குட் ஜாப்” ஓடுகிறது. பிள்ளை அறையில் உட்காருவான். வீட்டில் “ஒக்காரு” என்றால் அசைய மாட்டான். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஏற்கெனவே சிரமம். அதன் மேல் மொழியையும் மாற்றி வைத்தால்?

கேட்கச் சொல்லித்தருவதில் இன்னும் நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒரே கட்டளைச் சொல்லை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். அதை அப்படியே மாற்றிப் பிள்ளைக்கு “குடு” என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பல மாத உழைப்புக்குப் பிறகு வாயில் வந்த முதல் சொல். அதைத் தாத்தாவிடம் போய்ச் சொன்னால், “பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசுறதா?” என்று அதட்டு விழுகிறது. தானாகப் பேசிய முதல் சொல்லுக்கே தண்டனை. “தண்ணி வேணும்” என்று பழக்கினால் இந்த வம்பே இல்லை. அதைத் தாத்தாவிடமும் சொல்லலாம், தங்கையிடமும் சொல்லலாம், மரியாதைக் குறைவு வராது. தமிழில் யோசித்துத் திட்டம் போடுகிறவருக்கு இது ஒரு நிமிட வேலை.

வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. கும்பகோணத்தில் சௌராஷ்டிர மொழி பேசும் குடும்பங்கள், தஞ்சாவூரில் மராத்தி பேசும் குடும்பங்கள், உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் இங்கே தலைமுறைகளாக இருக்கின்றன. “ரெண்டு மொழி பேசினா குழந்தை குழம்பும், ஒண்ணு மட்டும் பேசுங்க, முடிஞ்சா இங்கிலீஷ்” என்று அவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு கெடுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்த அறிவுரையால் நடப்பது ஒன்றே ஒன்று: பிள்ளையோடு பேச இருந்த பாட்டி, அத்தை, சித்தப்பா எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். பேச்சு வராத பிள்ளை தொட்டுக் காட்டிக் கேட்பதற்கான படப் பலகை தயாரித்தாலும் இதே கவனம் வேண்டும். வாப்பா என்று கூப்பிடும் நாகூர் வீட்டுக்கு அந்த வீட்டு வாப்பாவின் போட்டோவை ஒட்டி அதற்குக் கீழே வாப்பா என்றுதான் எழுத வேண்டும்.

கண்ணைப் பார்க்கப் பழக்குவது பற்றி ஒரு சொல். திட்டும்போது பெரியவர் கண்ணை நேராகப் பார்த்தால் நம் ஊரில் “மொறைக்கிறான் பாரு” என்பார்கள். குனிந்து நின்றால்தான் நல்ல பிள்ளை. அந்த வீட்டுப் பிள்ளையைக் கண்ணைப் பார் கண்ணைப் பார் என்று ஒரு வருடம் படுத்துவதால் யாருக்கு லாபம்? கண்ணைப் பார்ப்பது உடம்பிலேயே வேதனையாக இருக்கிறது என்று வளர்ந்த ஆட்டிசக்காரர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கூப்பிட்டால் திரும்பினான், காட்டியதைப் பார்த்தான் என்றால் போதும்.

கழிப்பறைப் பயிற்சி அட்டையில் வெஸ்டர்ன் டாய்லெட் படம் இருக்கும், வீட்டிலும் பள்ளியிலும் குந்தி உட்காரும் டாய்லெட் இருக்கும். பரிசாகக் கொடுக்கும் ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும். அதைத் தொடாத வீடுகள் அக்ரகாரத்திலும் உண்டு, நாகூரிலும் உண்டு. பரிசு கடையில்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. களத்தில் குவித்த நெல்லுக்குள் கையை விட்டு அளைய விட்டால் மணிக்கணக்கில் மகிழ்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. தூளியில் ஆட்டுவதும், செம்பில் மொண்டு மொண்டு தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான்.

இனி பந்திக்கு வருவோம். என்னைக் கேட்டால், டெல்டாவில் நாற்காலியில் உட்காருவதைவிடப் பந்தியில் உட்காருவது பெரிய இலக்கு. ஆட்டிசப் பிள்ளை இருக்கும் குடும்பம் முதலில் இழப்பது கல்யாண வீடுகளைத்தான். ஒரு தடவை பிள்ளை இலையைத் தட்டிவிட்டிருப்பான், யாரோ ஒரு சொல் சொல்லியிருப்பார்கள். அதிலிருந்து அம்மா எங்கேயும் போவதில்லை. அப்பா மட்டும் மொய் எழுதிவிட்டு வந்துவிடுவார்.

சிறு படிகளாகப் பிரிக்கும் நுட்பத்தை இங்கே காட்டலாமே. வீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே இலை போட்டு உட்காருவது முதல் படி. இலையில் தண்ணீர் தெளிப்பது. உப்பு, கூட்டு, பொரியல் என்று ஒவ்வொன்றாக வரும்வரை காத்திருப்பது, முதலில் அரை நிமிடம், அப்புறம் இரண்டு நிமிடம். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், இங்கே அவசரப்படக் கூடாது. பக்கத்து இலையைத் தொடாமல் இருப்பது. நடுவில் போதும் என்று கையைக் காட்டினால் உடனே எழுந்து போக விடுவது. நாதஸ்வரமும் தவிலும் செல்போனில் முதலில் மெல்ல, நாளாக நாளாகச் சத்தமாக. சோறு விரலில் ஒட்டுவதே பொறுக்காத பிள்ளைக்கு மட்டும் தாராளமாக ஸ்பூன் கொடுக்கலாம், அது அவன் உடம்பின் தேவை. பிறகு ஒரு காதுகுத்துக்குப் போய், கடைசிப் பந்தியில், வாசல் ஓரத்து இலையில் உட்காருவது. திருவிழாவுக்கும் இதே யோசனைதான். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி. வடம் பிடிக்கிற கூட்டத்துக்குள் அவனைக் கொண்டுபோக வேண்டாம். தேர் நிலையில் நிற்கும்போது முதல் நாளே காட்டிவிட்டு, மறுநாள் தள்ளி நின்று, காதில் சத்தம் குறைக்கும் ஹெட்போனோடு பார்க்கலாம்.

தெரபிஸ்டுகள் சிலர் முகம் சுளிக்கும் இடம் கோயில். சீர்காழி பக்கத்தில் திருக்கோலக்கா இருக்கிறது. ஞானசம்பந்தருக்குப் பொற்றாளம் கிடைத்ததாகவும் அம்பாள் அதற்கு ஓசை கொடுத்ததாகவும் தலக்கதை. அம்பாள் பெயரே ஓசை கொடுத்த நாயகி. பேச்சு வராத பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகாத டெல்டாக் குடும்பம் குறைவு. வேளாங்கண்ணிக்கும் நாகூர் தர்காவுக்கும் எல்லா மதத்தாரும் போகிறார்கள். “இதெல்லாம் மூடநம்பிக்கை, நேரத்தை வீணாக்காதீங்க” என்று முதல் சந்திப்பிலேயே சொன்னால் அந்த அம்மா அடுத்த வாரம் வர மாட்டார். தேன் அபிஷேகம் செய்துவிட்டு வந்து ஸ்பீச் தெரபியும் தொடரட்டும். எதையும் நிறுத்தச் சொல்லாத நம்பிக்கையோடு நமக்குச் சண்டை வேண்டாம். மாத்திரையை நிறுத்து, சூடு வை, கட்டிப் போடு என்று சொல்பவர் எவராக இருந்தாலும் அங்கே உறுதியாக மறுக்க வேண்டும்.

பண்பாட்டை மதிப்பது என்றால் ஊர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. “கைய கைய ஆட்டுறான், நாலு பேரு பாக்குறாங்க, அத மட்டும் நிறுத்திக் கொடுங்க” என்று குடும்பமே கேட்கும். கையை ஆட்டுவதால் யாருக்கும் காயம் இல்லை. சந்தோஷத்திலும் பதற்றத்திலும் அவன் தன்னை நிலைப்படுத்திக்கொள்ளும் வழி அது. இங்கே தெரபிஸ்ட் பிள்ளை பக்கம்தான் நிற்க வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பேசாமல் ஓரமாக இருக்கும் பெண்ணை அடக்கமானவள் என்று ஊர் பாராட்டிவிடுவதால் அவளுக்கு ஆட்டிசம் இருப்பதே தாமதமாகத்தான் தெரிகிறது. அப்புறம் சிகிச்சை என்ற பெயரில் சொன்னதைச் செய், தொட்டால் விலகாதே என்று பழக்கினால், தவறான எண்ணத்தோடு வருபவனுக்கு அவளைத் தயார் செய்து கொடுத்தது போலாகும். “வேண்டாம்” என்று மறுக்கவும் கையைத் தட்டிவிடவும் அவளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டும். மாதவிடாய்க்கான படப்பட்டியல் அந்த வீட்டில் துணியா, நாப்கினா, எங்கே போடுவார்கள், எங்கே துவைப்பார்கள் என்று பார்த்து, வயசுக்கு வருவதற்கு முன்னாலேயே எழுதப்பட வேண்டும்.

சாதியையும் கூலியையும் பேசாமல் டெல்டாவைப் பேச முடியாது. நாகை, திருவாரூர் பக்கம் நிலம் இல்லாத தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். நடவும் களையெடுப்பும் வரும்போது அம்மா விடியலில் கிளம்பினால்தான் அன்றைய கூலி. அவரிடம் வாரம் மூன்று நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறித் தஞ்சாவூருக்கு வாருங்கள் என்றால் எப்படி? வராவிட்டால் “அக்கறை இல்லாத பெற்றோர்”. வீட்டுக்கு வரும் பணியாளரும் சில சமயம் ஊர்த்தெருவோடு நின்றுவிட்டு, பிள்ளையை அங்கே அழைத்து வரச் சொல்கிறார். காலனி வீட்டுத் திண்ணையில் உட்காராத, கொடுத்த தண்ணீரைக் குடிக்காதவரிடம் அந்தத் தாய் தன் பிள்ளையைப் பற்றி மனம் விட்டுப் பேசுவாரா?

இதெல்லாம் இந்தத் துறைக்குப் புதிய கேள்விகள் இல்லை. இலக்கு முக்கியமானதா, முறை ஏற்கத்தக்கதா, பலன் திருப்தியா என்று சிகிச்சை பெறுபவர்களிடமே கேட்க வேண்டும் என்று அமெரிக்க நடத்தை ஆய்வாளர் மாண்ட்ரோஸ் வுல்ஃப் 1978-லேயே எழுதினார். ஏபிஏ நிபுணர்களுக்குச் சான்று தரும் அமெரிக்க வாரியம், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தன் நெறிமுறையில், பண்பாட்டுப் பொறுப்பையும் பன்மையையும் கடமையாகவே சேர்த்தது. அதே வாரியம் 2023 தொடக்கத்தில் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. நெறிமுறையை வெளியே இருந்து எதிர்பார்க்கும் காலம் அதோடு முடிந்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்திருக்கிறது. அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் அது இல்லவே இல்லை. உரிமை வந்துவிட்டது, அதைக் கொண்டுசேர்க்கும் முறைதான் நம் கையில் இருக்கிறது.

அதற்கு நம்பிக்கை தரும் சான்றும் தெற்காசியாவிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் நிபுணர்கள் செய்துவந்த, பெற்றோர் வழியாகப் பிள்ளையின் பேச்சையும் பழக்கத்தையும் வளர்க்கும் ஒரு முறையைக் கோவாவுக்கும் பாகிஸ்தானின் ராவல்பிண்டிக்கும் ஏற்ப மாற்றி, நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். 65 பிள்ளைகள், 2 முதல் 9 வயது வரை. 2016-ல் வந்த முடிவுகளில், பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பழகுவது தெளிவாகக் கூடியிருந்தது, பிள்ளை தானாக முன்வந்து பெற்றோரை நாடுவதும் கூடியிருந்தது. அது லோவாஸ் வழி ஏபிஏ இல்லைதான். ஆனால் நகரத்து அறையை விட்டு வீட்டுக்குப் போனாலும், நிபுணர் கையை விட்டுப் பணியாளர் கைக்குப் போனாலும் பலன் நிற்கும் என்பதை அது காட்டியது.

அந்தப் பணியாளர்கள் டெல்டாவில் ஏற்கெனவே இருக்கிறார்கள். வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்கள் பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போகிறார்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் உளவியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் உண்டு. அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெருவில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இன்னும் பேசவில்லை என்று அத்துப்படி. இவர்களுக்குத் தமிழில், இந்த ஊர்ப் படங்களோடு பயிற்சி வேண்டும். வீட்டுப் பயிற்சி நேரத்தைச் சாகுபடிப் பட்டம் பார்த்து வைக்கும் அதிகாரம் வேண்டும். குறுவை நடவு மாதத்தில் காலை பதினொரு மணிக்குப் போனால் பூட்டிய வீடுதான் இருக்கும். மாலை ஆறு மணிக்குப் போனால் மொத்தக் குடும்பமும் இருக்கும். அந்த நேரத்துக்குப் போய்வரப் பயணப்படியும், பெண் பணியாளர் இருட்டிய பிறகு பத்திரமாக வீடு திரும்ப வண்டியும் மாவட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும்.